பிடியரிசியில் வந்த புத்தகம்

புதுப் புத்தகத்தின் பசை வாசனையும், நாள்பட்ட அரிசியின் தவிட்டு வாசனையும், காய்ந்த வேப்பிலையின் கசந்த வாசனையும் ஒன்றாகச் சேர்ந்து வந்தால், எழுபது வருஷம் தாண்டியும் என் மூக்கு நேராக ராஜபாளையத்துக்குப் போய் நின்றுவிடுகிறது. எங்கள் வீட்டு உள்ளறையில் சபையின் 'பிடியரிசிப் பானை' ஒன்று வாய் கட்டி வைத்திருக்கும். அதை ஒட்டி, கறையான் அரிக்காமல் இருக்க வேப்பிலை பரப்பி, சபைப் புத்தகங்களை வைக்கிற தகரப் பெட்டி இருக்கும். பெட்டியில் அப்போது பெரிதாக ஒன்றும் கிடையாது. வேதாகமம் இரண்டு, கிழிந்த பாட்டுப் புத்தகங்கள் கொஞ்சம், எவரோ விட்டுப்போன, ஒரு பக்கச் சில்லு இல்லாத மூக்குக் கண்ணாடி, அவ்வளவுதான். அந்தப் பெட்டிக்குள் ஒரு தடித்த புத்தகம் வந்து சேர்ந்த வருஷத்தைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன்.

அப்பா அந்தச் சபைக்கு உபதேசியார். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன், உபதேசியார் வேறு, ஐயர் வேறு. ஐயர் குருப்பட்டம் பெற்றவர். ஞானஸ்நானம், திருவிருந்து, கலியாணம் எல்லாம் அவர் கையால்தான் நடக்கும். உபதேசியார் ஜெபம் நடத்தலாம், பிரசங்கம் பண்ணலாம், பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்கலாம், சீக்காளிகளைப் போய்ப் பார்க்கலாம். எங்கள் ஐயர் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்தார். சுற்றுப்பட்டில் பல சபைகள் அவர் தலையில் இருந்ததால், மாதத்துக்கு ஒரு ஞாயிறுதான் எங்கள் முறை வரும். அவர் வருகிற ஞாயிற்றுக்கிழமை அப்பா வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு காலையிலேயே ரயிலடிக்குப் போய் நின்றுவிடுவார். மற்ற ஞாயிறுகளில் அதே கோட்டைப் போட்டுக்கொண்டு, தனக்குத் தெரிந்த நாலைந்து பிரசங்கங்களை முன்னும் பின்னுமாக மாற்றிப் பேசுவார். எங்களுக்கு எல்லாம் மனப்பாடம். 'இப்போ ஊதாரிப் பிள்ளை பன்றி மேய்க்கப் போகப்போறான்' என்று நான் வாய்க்குள் சொல்லி முடிப்பதற்குள் அவர் அதையே சொல்லுவார். அப்பாவைக் குறை சொல்லவில்லை. பார்த்துப் படிக்க அவருக்கு வேறு புத்தகமே கிடையாது.

பிடியரிசி என்பது பெண்களின் காணிக்கை. உலை வைக்கும்போது அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடியை அள்ளி, ஆண்டவருக்கென்று ஒரு கலயத்தில் போட்டுவிட வேண்டும். அரைவயிற்றுக் கஞ்சி காய்ச்சுகிற வீட்டிலும் அந்த ஒரு பிடி தப்பாது. மாதக் கடைசியில் எல்லார் கலயமும் எங்கள் வீட்டுப் பானைக்கு வரும், பானை சந்தைக்குப் போகும், வந்த காசு மாதர் சங்கத்துக்குச் சேரும். அதில் மட்டும் ஆண்கள் யாரும் கை வைக்க முடியாது. ஐயரே கேட்டாலும், "அதச் சாராளம்மாகிட்டக் கேளுங்க" என்று சொல்லிவிடுவார்கள். சாராள் பெரியம்மா சங்கத்தின் தலைவி, பருத்தி எடுக்கிற பெண்களுக்கு மேஸ்திரியாக இருந்தவர், பருத்திக்காட்டின் இந்தக் கரையில் நின்று பேசினால் அந்தக் கரையில் குனிந்திருப்பவள் நிமிர்ந்து பார்ப்பாள்.

புத்தகத்துக்குப் போகும் முன் என் தம்பியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அவன் இல்லாமல் இந்தக் கதையே இல்லை.

முந்தின வருஷம் கார்த்திகையில் எங்கள் வீட்டில் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. என்னைப் பெற்று எட்டு வருஷம் கழித்து அம்மாவுக்கு உண்டான பிள்ளை. பிறந்ததிலிருந்தே பால் குடிக்கத் தெம்பில்லாமல் கிடந்தது. ஐயரைக் கூட்டிவர ஆள் போனது. ஐயர் பிளவக்கல் பக்கத்துச் சபை ஒன்றுக்குப் போயிருந்தார். மலையில் பெய்த மழையில் ஓடைகளெல்லாம் பெருகி வண்டிப்பாதை அறுத்துக்கொண்டு போய்விட்டது. அவர் வருவதற்குள் பிள்ளை போய்விட்டது. ஆபத்து வேளையில் யார் வேண்டுமானாலும் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்பது அப்பாவுக்குத் தெரியவில்லை. அல்லது எங்கோ கேள்விப்பட்டிருந்தும், பட்டம் இல்லாத தன் கை அதற்குத் தகாது என்று நினைத்துவிட்டாரோ, அதை இன்றுவரை நான் அறியேன். பேறுகாலத்துக்குத் துணைக்கு வந்திருந்த பக்கத்து வீட்டு செபஸ்தியம்மாள் அத்தை கத்தோலிக்கக்காரி. அவள்தான் அழுதுகொண்டே சொன்னாள்: "எங்க ஆளுகளா இருந்தா நானே தண்ணிய ஊத்திப் பேரு வச்சிருப்பேன் தாயி. நீங்க ஐயரு வரட்டும்னு இருந்தீக, நான் எப்பிடி ஊடால வாரது." ஆறுதலுக்குத்தான் சொன்னாள். அம்மா நெஞ்சில் அது முள்ளாக நின்றுவிட்டது.

ஞானஸ்நானம் ஆகாத பிள்ளையைக் கல்லறைத் தோட்டத்துக்குள் வைக்கிற வழக்கம் அந்தச் சபையில் இல்லை. கள்ளிவேலிக்கு வெளியே, ஓடைப் பக்கமாக ஓர் இடம் உண்டு. அப்பாவும் சபை மூப்பர் ஒருவரும் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார்கள். பாட்டு இல்லை, அடக்க ஜெபம் இல்லை. ஞானஸ்நானத்தின்போதுதான் பேர் வைப்பது என்பதால், பேரும் இல்லை. வீட்டில் எப்போதாவது பேச்சு வந்தால் 'சின்னவன்' என்போம், அதோடு பேச்சு நின்றுவிடும்.

அப்பாவும் அம்மாவும் அதற்காகச் சண்டை போடவில்லை. போட்டிருந்தால்கூடத் தேவலை என்று இப்போது தோன்றுகிறது. உப்பு இருக்கிறதா, எண்ணெய் தீர்ந்துவிட்டது, சாயந்தரம் கூட்டம் இருக்கிறது என்கிற பேச்சோடு ஒரு வருஷம் ஓடியது. அம்மாவுக்கு ஒன்றே ஒன்று தெரிய வேண்டியிருந்தது: வேலிக்கு வெளியே வைத்த பிள்ளை, ஆண்டவரிடத்திலும் வேலிக்கு வெளியேதான் இருக்கிறதா? ஐயர் வந்தபோது கேட்டாள். நல்ல மனுஷர், தலையைக் குனிந்துகொண்டு, "எல்லாம் கர்த்தருடைய சித்தம்மா" என்றார். அப்பாவிடம் கேட்கவே இல்லை. கேட்டால் அவர் தாங்க மாட்டார் என்று அவளுக்குத் தெரியும்.

இப்படியிருக்கும்போதுதான் சாராள் பெரியம்மா ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கூட்டத்துக்குப் போய்விட்டு வந்து, வந்த காலோடு எங்கள் வீட்டு வாசலில் நின்று, "அங்க அலமாரி நெறயப் புஸ்தகம் அடுக்கி வச்சிருக்காக. வேதத்துல ஒண்ணு வெளங்கலேன்னா எடுத்துப் பாக்காகளாம். நம்ம பொட்டியில என்ன கெடக்கு, வேப்பெலதான் கெடக்கு. இந்த வருசப் பிடியரிசிக்கு நமக்கு ஒரு புஸ்தகம் வந்தாகணும்" என்று அறிவித்துவிட்டார். அவர் அறிவித்தால் தீர்மானம் நிறைவேறியது என்று அர்த்தம்.

வேதமுத்து அண்ணாச்சி என்று ஒரு புத்தகக்காரர் அப்போது ரயிலில் ஊர் ஊராக வேதப் புத்தகங்கள் கொண்டுவருவார். அவருக்குச் சொல்லியனுப்பினார்கள், அடுத்த முறை வந்தபோது மூன்று புத்தகங்களை இறக்கினார். ஒன்று வியாக்கியானம், வசனம் வசனமாக விளக்கம் எழுதினது. இன்னொன்று வேத அகராதி, ஊர், பேர், மரம், மிருகம் எல்லாவற்றுக்கும் விவரம் சொல்வது. மூன்றாவது ஒத்துவாக்கியம். அதில் ஒரு வார்த்தையை எடுத்தால், அந்த வார்த்தை வேதத்தில் வருகிற இடமெல்லாம் அதிகாரம், வசன எண்ணோடு ஒன்றன்கீழ் ஒன்றாகப் பொடி எழுத்தில் போட்டிருக்கும்.

சபைப் பெண்கள் சுற்றி உட்கார, அண்ணாச்சி விளக்கினார்: "வியாக்கியானம்னா ஐயரு பக்கத்துல உக்காந்து சொல்ற மாதிரி. அகராதின்னா அந்தச் சீமைக்குப் போயிட்டு வந்தவன் சொல்ற மாதிரி. ஒத்துவாக்கியம் தானா ஒண்ணும் சொல்லாது. எது எங்க இருக்குன்னு காட்டும், அம்புட்டுதான்."

சாராள் பெரியம்மா அதைக் கையில் தூக்கிப் பார்த்தார். "ஒண்ணும் சொல்லாததுக்கா இம்புட்டுத் தண்டி?"

அண்ணாச்சி சிரித்துக்கொண்டார். அவர் வியாபாரி என்றாலும் அவசரப்படுத்துகிறவர் இல்லை. மூன்றையும் பார்வைக்கு விட்டுவிட்டுப் போனார். போகும்போது சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது: "அட்டையப் பாத்து வாங்காதீக. ஒங்களுக்கு வெளங்காத எடம் ஒண்ணு இருக்கும்ல, அத மனசுல வச்சுக்கிட்டு மூணுலயும் தேடுங்க. எது கை கொடுக்குதோ அத வச்சுக்கிட்டு மத்தத என்கிட்டத் தந்துருங்க." பிற்காலத்தில் நான் ஆசிரியைப் பயிற்சிக்குப் போனபோது, நல்ல புத்தகத்தைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்று ஒரு பெரிய படிப்பாளி இரண்டு மணி நேரம் பேசினார். அண்ணாச்சி சொன்னதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை.

அதற்கப்புறம் எங்கள் வீடு நீதிமன்றம் மாதிரி ஆகிவிட்டது. ஒவ்வொருத்தியாகத் தன் சந்தேகத்தை எடுத்துக்கொண்டு வந்தாள். வானத்திலிருந்து விழுந்த மன்னா கொத்தமல்லி விதை போல இருந்ததாமே, அதை அரைத்தால் தோசை வருமா என்று கேட்டவள் உண்டு. ஈசோப்பு என்கிற செடி நம் சஞ்சீவி மலையில் முளைக்குமா என்று ஒருத்திக்கு. சாலொமோன் ராஜா அத்தனை பெண்டாட்டிகளுக்கும் எங்கே சமைத்துப் போட்டார் என்று சாராள் பெரியம்மாவுக்கு நெடுநாள் சந்தேகம். இதற்கெல்லாம் அகராதி ஓடோடி வந்து பதில் சொல்லிற்று, சமையல் கேள்வியைத் தவிர. எருசலேமுக்கும் பெத்லகேமுக்கும் இடையே தூரம் எவ்வளவு என்று பார்த்தபோது, கிட்டத்தட்ட ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் உள்ள தூரம்தான் என்று தெரிந்தது. பெண்களுக்கு ஒரே சந்தோஷம். எனக்கோ அன்றோடு ஸ்ரீவில்லிபுத்தூர்தான் எருசலேம் என்று முடிவாகிவிட்டது. வானத்தைத் தொடுகிற கோபுரம் இருக்கிறது, தேர் ஓடுகிற வீதி இருக்கிறது, கோர்ட்டும் தாலுகாக் கச்சேரியும் இருக்கின்றன, வேறென்ன வேண்டும்? ஆண்டவருக்குத் தீர்ப்புச் சொன்ன பொந்தியு பிலாத்து, முன்சீப் கோர்ட்டின் மரக்கூண்டுக்குப் பக்கத்தில் நின்று கை கழுவுவதாகத்தான் இன்றைக்கும் என் மனதில் காட்சி விரிகிறது.

அப்பாவுக்கு வியாக்கியானத்தின் மேல் ஆசை. ஆசை என்றால் சாதாரண ஆசை இல்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கோட்டைக்கூடக் கழற்றாமல் நின்றபடியே படிப்பார். ஒருமுறை ஐயர் முன்னிலையில் பிரசங்கம் பண்ணும்போது ஒரு தீர்க்கதரிசியின் காலத்தை மாற்றிச் சொல்லிவிட்டு, சபைக்கு நடுவிலேயே ஐயர் திருத்தியதை அவர் மறக்கவில்லை. "இது ஒண்ணு கையில இருந்தா நான் தைரியமா நிப்பேன்" என்று அம்மாவிடம் சொன்னார். அந்த வருஷத்தில் அவர் அம்மாவிடம் தனக்கென்று சொன்ன ஒரே வார்த்தை அதுதான்.

அம்மாவும் தேடினாள். போர்டிங் பள்ளியில் படித்தவள், வாசிப்பு தண்ணீர் பட்ட பாடு. மத்தியானம் எல்லாரும் போன பிறகு, நெல் காயப்போட்டிருக்கிற முற்றத்தைப் பார்த்தபடி உட்கார்ந்து தேடுவாள். எனக்கு அவள் எதைத் தேடுகிறாள் என்று முதலில் தெரியவில்லை. ஒருநாள் வியாக்கியானத்தை நான் சும்மா கையில் எடுத்தபோது அது தானாக ஓர் இடத்தில் பிரிந்தது. அடிக்கடி திறந்து வைத்த இடம் புதுப் புத்தகத்தில் அப்படிப் பிரியும். தாவீது ராஜாவின் கைக்குழந்தை வியாதியாய்க் கிடந்து இறந்துபோகிற இடம் அது. ராஜாவின் பாவத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருந்த வியாக்கியானக்காரர், பிள்ளையைப் பற்றி ஒரு வரியோடு நகர்ந்துவிட்டார். அகராதியில் குழந்தை என்று பார்த்தால், அந்தத் தேசத்தில் பிறந்த பிள்ளைக்கு உப்புத் தடவி எப்படித் துணியில் சுற்றுவார்கள் என்று அழகாகப் போட்டிருந்தது. அம்மா அதைப் படித்துவிட்டு மூடினாள். பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த செபஸ்தியம்மாள் அத்தையிடம் மெதுவாகச் சொன்னாள்: "எந்தத் துணியில சுத்துனாகன்னு எழுதியிருக்கு மதினி. பொறவு எங்க போச்சுன்னு எழுதல."

புத்தகத்தைத் தெரிந்தெடுக்கிற நாளும் வந்தது. எங்கள் மாதர் சங்கத்தில் எதையாவது தீர்மானிக்க வேண்டுமென்றால் கை தூக்குகிற பழக்கம் இல்லை. கை தூக்கினால் யார் யார் பக்கம் என்று வீட்டுக்குப் போன பிறகும் பேச்சு வளரும் என்று சாராள் பெரியம்மாவுக்குப் பயம். ஆளுக்கு ஒரு பிடி அரிசி கொண்டுவர வேண்டும். தரையில் சுளகுகள், அதாவது முறங்கள், வைத்திருக்கும். விருப்பமான சுளகில் அரிசியைப் போட்டுவிட்டுப் போய் உட்கார வேண்டும். எல்லார் கண்ணுக்கும் முன்னால் போடுவதால் இதிலும் ரகசியம் ஒன்றும் இல்லை என்பதைப் பெரியம்மாவிடம் யாரும் சொல்லத் துணியவில்லை. கடைசியில் அரிசி எல்லாம் பானைக்கே போய்விடும். அன்றைக்குக் கோயில் தரையில் மூன்று சுளகு, ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரு புத்தகம். அப்பா வாசல் நிலையைப் பிடித்தபடி வெளியே நின்றார். உபதேசியார் எதை விரும்புகிறார் என்பது ஊருக்கே தெரியும். பாதிப் பெண்கள் அந்த நினைப்போடுதான் வந்திருந்தார்கள். உபதேசியாரம்மாதான் முதல் பிடி போட வேண்டும் என்பது முறை.

அம்மா எழுந்து போனாள். வியாக்கியானத்தின் முன் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு நகர்ந்து, ஒத்துவாக்கியத்தின் சுளகில் குனிந்து அரிசியை விட்டாள். உபதேசியாரம்மா உபதேசியாருக்கு எதிராகப் போட்டுவிட்டாள் என்பது எல்லாருக்கும் புரிந்தது, எனக்கும் புரிந்தது. எனக்கு அப்பாவின் முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது. சாராள் பெரியம்மா மட்டும் அம்மாவை ஏற இறங்கப் பார்த்தார். பிள்ளையை வேலிக்கு வெளியே கொண்டுபோனபோது அம்மாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் அவர். என்ன நினைத்தாரோ, அகராதிக்கென்று கொண்டுவந்த தன் பிடியை ஒத்துவாக்கியத்தின் சுளகிலேயே கொட்டிவிட்டார். அதற்குப் பிறகு அந்தச் சுளகு நிறைவதற்கு அதிக நேரம் ஆகவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அப்பா கேட்டார், கோபமாக இல்லை, சோர்வாக: "ஒண்ணும் சொல்லாத புஸ்தகத்த வச்சு என்ன செய்யப் போற?"

"மத்த ரெண்டும் எழுதுனவுகளுக்குத் தெரிஞ்சதச் சொல்லுது. எனக்கு வேணுங்கறத அவுக யோசிக்கவே இல்ல. நான்தான் தேடணும்" என்றாள் அம்மா.

மழைக்காலம் தொடங்கிற்று. ஒத்துவாக்கியத்தை மடியிலும் வேதாகமத்தை எதிரே பலகையிலும் வைத்துக்கொண்டு அம்மா தேடத் தொடங்கினாள். பிள்ளை என்கிற வார்த்தையில் ஆரம்பித்து, குழந்தை, பாலகன் என்று போனாள். பார்த்த இடத்துக்கு அடையாளமாக விளக்குமாற்று ஈர்க்கை ஒடித்து ஒடித்துச் சொருகினாள். வீடு பெருக்குகிற விளக்குமாறு மெலிந்துகொண்டே வந்தது, வேதாகமம் முள்ளம்பன்றி போலச் சிலிர்த்துக்கொண்டு நின்றது. அப்பா அதைக் கண்டும் காணாததுபோல் நடமாடினார். அவருக்குப் புரியாமல் இருக்குமா? எந்த வார்த்தையில் ஈர்க்குச் சொருகியிருக்கிறது என்று பார்த்தாலே போதுமே.

ஒத்துவாக்கியத்தில் ஒரு சங்கடம் உண்டு. ஒற்றை ஆளாகத் தேடினால் கை ஓயாது. எண்ணைப் பார்த்து, அதை நினைவில் வைத்து, வேதத்தைப் புரட்டி, திரும்பி வந்தால் விட்ட வரி காணாமல் போயிருக்கும். ஒருநாள் சாயந்தரம் அம்மா அப்படி வரியைத் தவறவிட்டுத் தடவிக்கொண்டிருந்தபோது, அப்பா வந்து பலகைக்கு அந்தப் பக்கம் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். வேதாகமத்தைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டார். "நீ எண்ணச் சொல்லு, நான் வாசிக்கேன்" என்றார். அம்மா ஒரு நிமிஷம் அவரைப் பார்த்தாள். பிறகு எண்ணைச் சொன்னாள். அவர் வாசித்தார்.

அன்றிலிருந்து தினமும் விளக்கு வைத்ததும் அது நடந்தது. நான் பக்கத்தில் சிலேட்டை வைத்துக்கொண்டு கணக்குப் போடுவதுபோல் உட்கார்ந்திருப்பேன். அம்மாவின் குரல் எண்ணைச் சொல்லும், தாள் சரசரக்கும், அப்பாவின் குரல் வாசிக்கும், மழை ஓட்டில் விழும். இந்த உலகத்தில் எனக்குத் திரும்பக் கிடைக்க வேண்டும் என்று நான் ஏங்குவது என்று ஒன்று இருந்தால் அது அந்தச் சாயந்தரங்கள்தான்.

ஒருநாள் தாவீது ராஜாவின் பிள்ளை வந்தது. அப்பா வாசித்தார். பிள்ளை ஏழாம் நாளில் இறந்துபோகிறது. அதுவரை தரையில் கிடந்த ராஜா எழுந்து குளித்துச் சாப்பிடுகிறார். இனி நான்தான் அதனிடத்துக்குப் போவேன், அது என்னிடத்துக்குத் திரும்பி வராது என்கிற கருத்தில் பேசுகிறார். அம்மா கேட்டாள்: "அந்தப் பிள்ள பேரு என்ன?"

அப்பா முன்னும் பின்னும் புரட்டினார். "பேரு போடலையே" என்றார். கொஞ்ச நேரம் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தவர், திடீரென்று, "எட்டாம்னு ஒரு வார்த்த இருக்கான்னு பாரு" என்றார். அம்மா எடுத்தாள். வரிசையாக இருந்தது. அவள் சொல்லச் சொல்ல அவர் ஒவ்வொன்றாக வாசித்தார். அந்த ஜனங்கள் ஆண்பிள்ளைக்குச் சடங்கு செய்வது எட்டாம் நாளில்; யோவான்ஸ்நானனுக்குப் பேரிட்டது எட்டாம் நாளில்; ஆண்டவருக்கே பேரிட்டது எட்டாம் நாளில்.

அப்பா தாவீது ராஜாவின் பக்கத்துக்கே திரும்பப் புரட்டினார். "எட்டாம் நாளுதான் அவுகளுக்குச் சடங்கு. பேரும் அன்னைக்குத்தான். இந்தப் பிள்ள ஏழாம் நாளே போயிருக்கு."

"அப்ப சடங்கு ஆகல."

"பொறந்து ஏழு நாளா, சீக்கு வந்து ஏழு நாளாங்கறது இதுல தெளிவா இல்ல. நான் நிச்சயமாச் சொல்லமாட்டேன்." பிரசங்கத்தில் தப்புச் சொல்லி அடிபட்டவர், அந்த நேரத்திலும் தெரியாததைத் தெரியும் என்று சொல்ல மனம் வரவில்லை.

"சரி. ஆனாலும் ராஜா அதுகிட்டப் போவேன்னுதான சொல்றாரு?"

அப்பா அந்த வசனத்தில் விரலை வைத்தார். "ஆமா" என்றார். "போவேன்னுதான் சொல்றாரு."

அம்மா ஒத்துவாக்கியத்தை மூடி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அழுதாள். பிள்ளை போனபோதுகூட அவள் அப்படி அழுததை நான் பார்த்ததில்லை. அப்பா அவளைத் தேற்றவில்லை. அவர் தோளும் குலுங்கிக்கொண்டிருந்தது. பிறகு, ஒரு வருஷமாக அந்த வீட்டில் யாரும் கேட்காததைக் கேட்டார்: "என்ன பேரு வைக்கணும்னு நெனச்சிருந்த?"

அம்மா சொன்னாள். வயிற்றில் இருந்தபோதே நினைத்து வைத்திருந்த பேர். அப்பா அதை ஒரு தரம் மெல்லத் தானும் சொல்லிப் பார்த்தார்.

மறுநாள் காலையில் மழை விட்டிருந்தது. அப்பா வெள்ளைக் கோட்டைப் போட்டுக்கொண்டார். மூன்று பேரும் கல்லறைத் தோட்டத்தைச் சுற்றி, கள்ளிவேலிக்கு வெளியே ஓடைப் பக்கம் போனோம். தண்ணீர் செம்மண்ணாக ஓடிக்கொண்டிருந்தது. அப்பா அடக்க ஆராதனையை முதலிலிருந்து கடைசிவரை, ஒரு வார்த்தை விடாமல் வாசித்தார். பேர் வருகிற இடத்தில் பேரைச் சொன்னார். ஐயரிடம் பின்னால் போய் அவரே இதைச் சொல்லியும்விட்டார். ஐயர், "நல்லதுதான் செஞ்சீர்" என்றாராம்.

அடுத்த வருஷப் பிடியரிசியில் வியாக்கியானமும் வந்து சேர்ந்தது. அப்பாவின் பிரசங்கங்கள் பெருகின. அவை முன்பைவிட நீளமாகிவிட்டன என்பதையும் உள்ளபடி சொல்லிவிட வேண்டும். ஆனாலும் பிரசங்கத்துக்கு உட்கார்ந்தால் முதலில் அம்மாவைக் கூப்பிட்டு, ஒத்துவாக்கியத்தை அவள் கையில் கொடுத்துவிட்டுத்தான் வேதத்தைத் திறப்பார்.

போன வருஷம் பேத்தியோடு ராஜபாளையம் போயிருந்தேன். பழைய கோயிலை இடித்துப் பெரிதாகக் கட்டியிருக்கிறார்கள். உபதேசியார் வீடு இருந்த இடத்தில் வண்டிகள் நிறுத்துகிறார்கள். தகரப் பெட்டி என்ன ஆயிற்று, புத்தகங்கள் எங்கே போயின என்று கேட்டால் சொல்ல ஆள் இல்லை. பிடியரிசி என்றால் என்ன என்று ஒரு பெண் என்னைக் கேட்டாள். கள்ளிவேலி இல்லை. ஓடையை மூடிவிட்டார்கள், அந்தப் பக்கம் முழுக்க வீடுகள். இங்கே இருக்கலாம், அங்கே இருக்கலாம் என்று ஒரு சந்துக்குள் நின்று பார்த்தேன், இடத்தை அடையாளம் காண முடியவில்லை. பேத்தி பாவம், வெயிலில் குடை பிடித்துக்கொண்டு பொறுமையாக நின்றாள்.

மதுரைக்குத் திரும்பியதும் தன் கம்ப்யூட்டரில் வேதத்தைத் திறந்து காட்டினாள். ஒரு வார்த்தையைத் தட்டினால், அது வருகிற இடமெல்லாம் கண் மூடித் திறப்பதற்குள் வந்து நிற்கிறது. அம்மா ஒரு மழைக்காலம் முழுக்கத் தேடியது அது. நல்ல வசதிதான், நான் குறை சொல்லவில்லை. எதிரே உட்கார்ந்து வாசிக்க ஆள் வேண்டியதில்லை என்பதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

அந்தப் பேரை எந்தச் சபைப் பதிவும் அறியாது, எந்தக் கல்லிலும் அது கிடையாது. அன்றைக்கு ஓடைக்கரையில் அதைக் கேட்டவர்கள் மூன்று பேர். அப்பா போய்விட்டார், அம்மாவும் போய்விட்டாள், எனக்கும் ஆயுசு நிறைந்துகொண்டு வருகிறது. புத்தகங்களைப் பற்றிச் சொல்வதாக ஆரம்பித்தாலும், இதை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான். என் தம்பியின் பெயர் மாசிலாமணி.